கன்னிக்கு நின்ற வைகாசி

எனக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் கேட்கிறார்கள். வீட்டில் புலவர்கள் இருந்தார்களா, தகப்பனார் ஏடு படிப்பாரா, தாயார் பாட்டுக் கட்டுவாரா என்று. ஒரு மண்ணும் இல்லை. அப்பா கையெழுத்து மட்டும் வைக்கத் தெரிந்த வேளாண்மைக்காரர். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. கேட்டவர் மனம் நோகக் கூடாதென்று இரண்டு மூன்று தடவை ஏதோ கூத்து, ஏதோ வசந்தன் பாட்டு என்று கதை விட்டிருக்கிறேன். இப்போது எனக்கு வயதும் போய்விட்டது, நான் பயப்பட வேண்டியவர்களும் போய்விட்டார்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டார் எனக்குச் செய்த துரோகத்திலிருந்துதான் நான் எழுதப் படித்தேன். பெற்றவளை நினைத்து உருகுகிற கட்டுரை வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில், அதாவது கிழக்குக் கரையில், இருக்கிறது. வயல்கள் அக்கரையில், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற பக்கம். அப்பா தோணி ஏறி அக்கரைக்குப் போனால் வட்டைக்குள் கட்டிய வாடிக் குடிசையிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுவார். வட்டை என்றால் பலருடைய வயல்கள் சேர்ந்த பெருவெளி. வீட்டில் நிற்கிற நாட்களிலும் அவர் வந்துபோகிற ஆள் போலத்தான் இருப்பார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். குடி என்று நாங்கள் சொல்லுகிற வம்சமும் தாய்வழியில்தான் வரும். ஆகவே எங்கள் வீட்டில் அம்மா சொன்னதுதான் சட்டம். அதற்கு மேலே ஒரு சட்டம் இருந்தால் அது அம்மாவின் தமையனுடையது. அவரை நாங்கள் அம்மான் என்போம்.

நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்காவுக்குப் பதினேழு, எனக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஏழு. அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெரியபிள்ளை ஆனதும் அவளுடைய சிலேற்றும் புத்தகங்களும் என் கைக்கு வந்தன. அவள் அதற்காக அழுததை நான் பார்க்கவில்லை. நான் சின்னப்பிள்ளை என்று அவளைக் குந்தவைத்திருந்த அறைப்பக்கமே என்னை விடவில்லை. உள்ளே என்ன செய்தார்கள், என்ன சாப்பிடக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஊர்ப் பள்ளியில் எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் இருந்தார். நான் நன்றாக வாசிக்கிறேன் என்று பட்டணத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் எனக்கு இடம் எடுத்துத் தந்தார். புளியந்தீவில், போடிங்கோடு, அதாவது விடுதியோடு, சேர்ந்த பள்ளி. இருக்கவும் சாப்பிடவும் சம்பளமில்லை. புரட்டாதியில் தொடங்குகிற தவணைக்குப் போய்ச் சேர வேண்டும். ரீச்சர் கடுதாசியைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டியபோது அப்பாவுக்கு முகமெல்லாம் பல். அம்மா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"பெரியபிள்ளை ஆகிறதுக்கு முதல் போனாப் போகட்டும்," என்றாள் பிறகு. "அங்க போய் ஆனா லீவில கூட்டிவந்து தண்ணி வாப்பம். இஞ்ச இரிக்கக்குள்ள ஆயிற்றா எண்டா மறுகா படலை தாண்ட ஏலாது. அதுக்கு நான் விடமாட்டன் ரீச்சர்."

இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே போய் ஆனால் படிக்கலாம், இங்கே இருந்து ஆனால் படிக்கக் கூடாது. எங்கள் ஊரில் அதை யாரும் நியாயம் கேட்கவில்லை. ரீச்சர்கூட, "அப்ப சரி, நாலு மாசந்தானே," என்று சிரித்துவிட்டுப் போனார். அப்பா அடுத்த வெள்ளிக்கிழமையே காத்தான்குடிக்குப் போய் எனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கிவந்தார். பச்சை நிறம், மூடியில் இரண்டு ரோசாப்பூ. நான் அதற்குள் ஒன்றுமே வைக்காமல் தினமும் திறந்து பார்த்துப் பூட்டுவேன். அந்தப் பெயின்ற் மணம் எனக்குப் பட்டணத்து மணமாகவே பட்டது.

வைகாசி பிறந்து இரண்டாம் கிழமை, ஒரு காலையில், கிணற்றடியில் வைத்து நான் என் பாவாடையைப் பார்த்தேன். என்ன என்று எனக்குத் தெரியும். வகுப்பில் இரண்டு பேர் இப்படித்தான் நின்றுபோனார்கள். வாழைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்து பார்த்தாள். முகம் ஒரு மாதிரிப் போயிற்று.

"அக்கா, அம்மாட்டச் சொல்லாத. சொன்னா என்ட படிப்புப் போச்சு. நான் செத்திருவன்."

"வாய மூடு. ஆரும் கேட்கப் போறாங்க."

"சத்தியம் பண்ணு."

அவள் என் உச்சியில் கையை வைத்தாள். "உன்ட தலையில அடிச்சுச் சத்தியம். போதுமா? எனக்குத்தான் இல்ல, ஒனக்காவது கிடைக்கட்டும்," என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். துணியை எப்படி மடிப்பது என்று அவள்தான் காட்டித் தந்தாள். பாவாடையை மீன் கழுவுகிற சட்டிக்குள் மறைத்து வாவிக்கரைக்குக் கொண்டுபோய், கண்ணா மரப் பற்றைக்குள் நின்று கழுவி, அங்கேயே காயப்போட்டு எடுத்து வந்தாள். வழமைப்படி என்றால் வண்ணாத்தியைக் கூப்பிட்டு, அவள் மாற்றுச்சேலை கொண்டுவந்து, ஊருக்கே தெரிந்துவிடும். எங்களுடையது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். அதுவரைக்கும் அக்காவுக்கும் எனக்கும் நாயும் பூனையும்தான். அந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தோம். எனக்கு அப்படியொரு சந்தோசம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அடுத்த நாள் காலையிலிருந்து அம்மாவும் மாறிவிட்டாள். விடியக் கூப்பிட்டுப் பச்சை முட்டையை உடைத்து என் வாயில் ஊற்றி, மேலே ஒரு சிறங்கை நல்லெண்ணெய் குடிக்கத் தந்தாள். உழுத்தங்களி கிண்டித் தந்தாள். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"குடி மனே. பட்டணத்துச் சோறு ஒனக்குப் பிடிக்குமோ என்னவோ. இப்பவே உடம்பைத் தேத்தி வெக்கோணும்."

அம்மா என்னை மனே, அதாவது பிள்ளையே, என்று கூப்பிட்டது அபூர்வம். படிக்கப் போகிற பிள்ளை என்று அம்மாவுக்கும் என்மேல் பாசம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஏமாற்றுகிறேனே என்று எனக்குத்தான் நெஞ்சு குத்திற்று. குமட்டலை அடக்கிக்கொண்டு நான் அந்த எண்ணெயைக் குடித்தது அதற்காகத்தான்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் வருசத்தில் ஒரு தடவைதான், வைகாசியில், கதவு திறக்கும். கடைசி நாள் குளிர்த்தி, அம்மனைக் குளிர்விக்கிற சடங்கு. அன்றைக்குப் பெரியபிள்ளை ஆகாத ஒரு பெண்பிள்ளை மஞ்சள் தண்ணீர்ச் செம்பை ஏந்தி அம்மனுக்கு முன்னால் நிற்க வேண்டும். அதைக் கன்னிக்கு நிற்பது என்பார்கள். பிள்ளையைக் குடிக்குக் குடி முறைவைத்து எடுப்பார்கள். முறை சுற்றிவரப் பன்னிரண்டு பதின்மூன்று வருசம் செல்லும். அந்த வருசம் எங்கள் குடி. கோயில் கதவு திறந்த மறுநாள் அம்மான் வீட்டுக்கு வந்தார்.

"சின்னவளத்தான் கேட்டிருக்கு," என்றார் அம்மாவிடம். "ஒனக்கு ஏலாதெண்டாச் சொல்லு. கீழ்வீட்டிலயும் ஒரு பிள்ளை இரிக்கு."

கீழ்வீடு என்பது அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை வீடு. காணி எல்லையில் நின்ற ஒரு புளியமரத்தில் தொடங்கிய கோபம், இரண்டு வீட்டுக்கும் ஏழெட்டு வருசமாகப் பேச்சில்லை. போதாததற்கு, அக்காவைப் பார்க்கச் சித்தாண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் குளிர்த்திக்குத்தான் வருவதாக இருந்தார்கள்.

"என்னத்துக்கு ஏலாது? என்ட பிள்ளை நிப்பாள்," என்றாள் அம்மா.

நான் அக்காவை இழுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். என்னால் முடியாது என்றேன். துடக்கோடு, அதாவது ஊருக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த தீட்டோடு, அம்மனுக்கு முன்னால் நிற்பதா? அந்தத் தெய்வம் பிழை பொறுக்காது என்று எங்களுக்குப் பால்குடியிலேயே சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள்தான்.

"நிக்க ஏலாதெண்டா ஏனெண்டு கேட்பாங்க," என்றாள் அக்கா. "என்னத்தச் சொல்லுவாய்? சொன்னாப் பள்ளிக்கூடம் போச்சு. ஒரு நாள்தானே. பேசாம நில்லு. அம்மனுக்கு உன்ட மனசு தெரியும்."

நின்றேன். குளித்து, மஞ்சள் சீலை சுற்றி, செம்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். பறை அடிக்கிற அடியில் செம்பு என் கைக்குள் நடுங்கிற்று. கண்ணை மூடிக்கொண்டு, தாயே, நான் படித்து முடித்து வந்து உனக்குப் பொங்கல் பொங்குகிறேன், இந்தத் தடவை மட்டும் பொறுத்துக்கொள் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அம்மா அழுதுகொண்டு நின்றாள். கீழ்வீட்டுச் சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையின் தாய், சித்தாண்டி மாமி, என் கன்னத்தைத் தடவி, "தங்கச்சியே இப்பிடியெண்டா தமக்கையைப் பாக்கவும் வேணுமா," என்றாள். அக்காவின் கல்யாணம் அன்றைக்கே பேசி முற்றாயிற்று.

குளிர்த்தி முடிந்து பத்தாம் நாள் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் முகத்தில் முத்து முத்தாகப் போட்டது. அம்மாள் வந்துவிட்டாள் என்று படலையில் வேப்பிலை கட்டினார்கள். வீட்டில் தாளிக்கவில்லை, தலை வாரவில்லை, வெளியாள் யாரும் வரவில்லை. தம்பியை வாழையிலையில் கிடத்தியிருந்தது. அம்மன் காரியம் பார்க்கிற கட்டாடியார் வந்து திருநீறு போட்டு, வேப்பிலையால் தடவி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "வீட்டுக்குள்ள ஒரு துடக்கு மறைஞ்சு கிடக்கு," என்றார்.

அம்மாள் வந்த வீடு எதிலும் அவர் அதைத்தான் சொல்வார் என்று நான் பிற்காலத்தில் விசாரித்து அறிந்தேன். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. அவர் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் தம்பியின் கண் இரண்டும் மூடிக்கொண்டன. இமைக்குள்ளேயும் போட்டிருக்கிறது என்றார்கள். பின்னேரம் அம்மா ஒரு செம்பில் தண்ணீரும் வேப்பிலையும் வைத்துத் தம்பியின் தலைமாட்டில் வைத்தாள். என்னையும் அக்காவையும் கூப்பிட்டாள். அப்பா அக்கரையில் இருந்தார்.

"என்னட்டக் குற்றமில்ல. அக்காட்டக் குற்றமில்ல," என்று அம்மா என்னை மட்டும் பார்த்துச் சொன்னாள். "நீ சொல்லு மனே. தம்பிட முகத்தப் பாத்துச் சொல்லு. மறைச்சது ஏதும் இரிந்தா இப்ப சொன்னா அம்மாள் இறங்கிப் போயிருவா. சொல்லாட்டி இவன் நமக்கில்ல."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சத்தியத்தை அவள் காப்பாற்றுகிறாள் என்று நினைத்தேன். சொல்ல வேண்டியது நான்தான். சொன்னால் புரட்டாதி இல்லை, போடிங் இல்லை, ஒன்றும் இல்லை. தம்பியின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் செம்பில் கையை வைத்தேன்.

"நான் பெரியபிள்ளை ஆகிட்டன் அம்மா. வைகாசியிலயே ஆகிட்டன். கன்னிக்கு நிக்கிறதுக்கு முதலே."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பாவி என்றாள், சண்டாளி என்றாள், பட்டணத்துப் பவுசுக்காகக் கூடப்பிறந்தவனைக் கொல்லப் பார்த்தாயே என்றாள். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. இனித் தம்பி பிழைத்துவிடுவான் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது.

தம்பி பிழைத்தான். அம்மாள் இறங்கித் தண்ணீர் வார்த்த அன்று பார்த்தால், வலக்கண்ணில் பூ விழுந்துவிட்டது. இடக்கண்ணில் பார்வை இருந்தது, ஆனால் எழுத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்தால்தான் தெரியும். அதன் பிறகு எனக்கும் முறைப்படி எல்லாம் செய்தார்கள். வண்ணாத்தி வந்தாள், அம்மானின் மனைவி எனக்கு முதல் தண்ணீர் வார்த்தாள். ஆவணியில் ரீச்சர் வந்தபோது அப்பா படலையில் வைத்தே சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து என்னிடம், "போகட்டும் பிள்ள," என்று மட்டும் சொன்னார். அவரோடு எனக்குக் கோபமில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. பச்சைப் பெட்டியில் அக்காவின் கூறைச்சேலையை வைத்தார்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் முடிந்து பெரிய வீடு அவளுக்கானது. அதே வளவில் சின்னதாக ஒரு வீடு கட்டி நாங்கள் மாறினோம். அம்மாவின் வாயில் அன்று தொடங்கிய சொல் நிற்கவேயில்லை. தம்பி கல்லில் தடுக்கினால், "ஒன்னாலதான்." பந்து பிடிக்கத் தெரியாமல் நின்றால், "ஒன்னாலதான்." நான் செய்த பிழை, நான்தானே அனுபவிக்க வேண்டும் என்று இருந்தேன்.

தம்பி மறுபடி பள்ளிக்குப் போனான். கரும்பலகை தெரியாது, புத்தகம் அரை மணி நேரம் பார்த்தால் கண் நீர் வடியும். நான் வாசித்துக் கொடுக்கத் தொடங்கினேன். பின்னேரமானால் அவன் புத்தகத்தோடு வருவான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு வாசிப்பேன். அவன் கேட்டுப் பாடமாக்குவான். அவன் ஆறாம் வகுப்பு என்றால் நானும் ஆறாம் வகுப்பு. அவன் இங்கிலீசு தொடங்கினால் நானும் தொடங்குவேன். கட்டுரை எழுதச் சொன்னால் அவன் பாதி சொல்வான், மீதி நான் எழுதுவேன். போகப்போக முழுவதும் நானே எழுதினேன். அவனுடைய கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டினார்களாம். அவன் வந்து அதைச் சொன்னால் எனக்கு இரண்டு நாள் பசியிருக்காது. என்னைக் கேட்டு வந்த இரண்டு சம்பந்தத்தையும் நான் வேண்டாம் என்றேன். கண்ணை எடுத்தவள் கண்ணாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சரி என்று விட்டுவிட்டாள்.

இப்படிப் பன்னிரண்டு வருசம் போயிற்று. யுத்தம் வந்து, அரிசிக்குக் கூப்பன் வந்து, பட்டணத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நிறைந்த காலம். தம்பி அரசாங்க உத்தியோகச் சோதினைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அக்காவின் மூத்த மகளுக்குப் பதினொரு வயது. குளிர்த்தியில் எங்கள் குடியின் முறை திரும்ப வந்தது.

ஒரு காலை, நான் குசினிக்குள் மாவு அரித்துக்கொண்டிருந்தேன். அக்காவும் அம்மாவும் வாசலில் இருந்து இதைப் பற்றிக் கதைத்தார்கள். மகளுக்கு உடம்பு தெளிந்து வருகிறது, குளிர்த்திக்குள் ஆகிவிடுவாளோ என்று அக்காவுக்குப் பயம்.

"ஆனா என்ன," என்றாள் அக்கா. "இவளுக்குச் செஞ்ச மாதிரி நிண்டு முடியுமட்டும் மூடி வெச்சாப் போச்சு. அப்பவும் நீங்கதானே சொன்னீங்க, கன்னி முடியட்டும், மறுகா பாப்பமெண்டு."

சொல்லிவிட்டு அவள் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் அரிதட்டோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"எப்ப சொன்னாய் அம்மாட்ட?" என்று கேட்டேன்.

அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

"எப்படி அக்கா சொன்னாய்? என்ட தலையில கை வெச்சாயே."

"அண்டைக்கே," என்றாள். "பொழுதுபடுறதுக்குள்ளயே. பயத்தில சொல்லிட்டன். அம்மாதான் ஒனக்குச் சொல்லாத எண்டா. நீ கன்னிக்கு நிக்க வேணுமெண்டா."

பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் பெரியபிள்ளை ஆனவளுக்குக் கொடுக்கிற மருந்து என்று எனக்குப் பிறகு தெரியவந்ததுதான். ஆனாலும் அந்தக் கணக்கை நான் அம்மாவோடு போட்டுப் பார்த்ததேயில்லை. என் சின்ன வயதில் அம்மா என்னிடம் பாசமாக இருந்தது அந்த மூன்று கிழமைதான். அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் அம்மாவிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"தெரியும். தெரிஞ்சுதான் நிக்க வெச்சன். கீழ்வீட்டாள் முன்னுக்கு நான் தலை குனிய ஏலாது. அக்காட கலியாணமும் இரிந்திச்சு."

"அப்ப தம்பிக்கு வந்தது? என்னாலதான் எண்டு பன்னிரண்டு வருசம் சொன்னீங்களே."

"ஒன்னால இல்லாம? சொல்லாம மறைச்சவள் நீதானே."

"நீங்களும் மறைச்சீங்கதானே அம்மா. நீங்க கன்னிக்கு மறைச்சீங்க. இன்னும் மூணு மாசம் மறைச்சிருந்தா நான் போயிருப்பன். அத ஏன் செய்யல்ல?"

அம்மா என்னைப் பார்த்தாள். உண்மையாகவே விளங்காதவள் மாதிரிப் பார்த்தாள்.

"அது என்னத்துக்கு?" என்றாள்.

அவ்வளவுதான். என் படிப்பு அவளுக்கு ஒரு பகையாகக்கூட இருக்கவில்லை. எனக்காக மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்பது அவளுடைய நினைப்பிலேயே வந்திருக்கவில்லை. கன்னிக்காக அவள் மூன்று கிழமை மூடியிருந்தாள். அந்தத் தேவை முடிந்ததும், தான் சொன்னதாகவும் இருக்கக் கூடாது, அக்கா சொன்னதாகவும் இருக்கக் கூடாது என்று, சாகக்கிடந்த பிள்ளையைக் காட்டி என் வாயாலேயே சொல்ல வைத்தாள். நான் செம்பில் கை வைத்தபோது அவர்கள் இரண்டு பேரும் என்ன நினைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஒரே ஒரு ஆறுதல்தான் இருந்தது. தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும். அவனுடைய கண்ணை நான் எடுக்கவில்லை என்று அவன் அறிய வேண்டும். என்னைப்போல அவனையும் ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்னேரம் அவன் புத்தகத்தோடு வந்து வழமைபோல மணையில் இருந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

சொல்லி முடித்ததும், "எனக்குத் தெரியும் அக்கா," என்றான்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அம்மாள் வந்து கிடக்கக்குள்ள கேட்டன். எனக்குக் கண்தான் மூடிக்கிடந்திச்சு, காது கேட்டிச்சு. பெரியக்கா அழுதா, 'நாமளும் தெரிஞ்சுதானே அம்மா செஞ்சம், இவள மட்டும் ஏன் சொல்லவெச்சீங்க' எண்டு. அம்மா அவவப் பேசாம இரிக்கச் சொன்னா."

"அண்டைக்கே தெரியுமா ஒனக்கு?"

"ஓம்."

"சின்னப்பிள்ளை, அப்ப விளங்கியிருக்காது. சரி. பெரிய ஆளான பிறகு? ஏன்டா ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

அவன் பூ விழுந்த கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அதுதான் எனக்கு வாய்த்த வினை.

"சொன்னா நீங்க மறுகா வாசிக்க மாட்டீங்களோ எண்டு பயந்தன்," என்றான். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளி வைத்தான். "சோதினை திங்கட்கிழமை அக்கா. இன்னும் மூணு பாடம் கிடக்கு."

நான் எழும்பி வெளியே போனேன். வாவிக்கரையில் இருட்டும் வரைக்கும் நின்றேன். அன்றைக்கு நான் வாசிக்கவில்லை. அடுத்த நாளும் வாசிக்கவில்லை. அவன் புத்தகத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணீர் வடிய வடியத் தானே படிப்பதைப் பார்த்துக்கொண்டு, அவனுடைய பழைய கொப்பி ஒன்றில் மிச்சமிருந்த தாள்களில், முதல் தடவையாக எனக்கென்று எழுதினேன். அவன் பெயரில் இல்லாமல் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

தம்பி சோதினையில் தவறினான். உன்னால்தான் என்றாள் அம்மா. அந்தத் தடவை அவள் சொன்னது சரி.